பூ விழுந்து முடியும்வரை

விளம்பரம் வந்தால் எரிச்சல்படுகிறவர்களைத்தான் நீங்கள் பார்த்திருப்பீர்கள். விளம்பரம் வரவேண்டும் என்பதற்காகவே இணையத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்த குடும்பம் எங்களுடையது. பெருமைக்காகச் சொல்லவில்லை, சத்தியமாக அப்படித்தான் இருந்தோம்.

திருவனந்தபுரத்தில் ஆரியசாலையில் எங்களுக்கு வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம். கீழே கடை, மேலே வீடு. அப்பாவின் தம்பியான என் சித்தப்பாவுக்கு மட்டும் மிளகாய் நெடி ஆகாது. கடைக்குள் கால் வைத்தாலே அடுக்குத் தும்மல் வரும். படித்துத் தப்பித்து, கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். கம்ப்யூட்டரில் விளம்பரம் செய்கிற வேலை. தம்பி என்ன செய்கிறான் என்று சாலைக் கடைத்தெருவில் யாராவது கேட்டால் அப்பா, "டெக்னோபார்க்கு மாதிரி ஒரு எடத்துல," என்று ஆரம்பித்து, பாதியில் இருமி, மிளகாய் விலைக்குத் தாவிவிடுவார்.

எனக்கு ஒன்பது வயதான வருஷம், ஓணத்துக்குச் சற்று முன்னால், அப்பாவின் இருமலுக்கு விமோசனம் கிடைத்தது. ஒரு நகைக்கடைக்காகச் சித்தப்பா செய்த விளம்பரம் மலையாளச் செய்தித் தளம் ஒன்றில் வந்தது. தளத்தைத் திறந்ததும் செய்தியெல்லாம் வராது. திரையை அடைத்துக்கொண்டு ஒரு கல்யாணப்பெண் உட்கார்ந்திருப்பாள். மேலேயிருந்து மல்லிகைப்பூ ஒவ்வொன்றாக அவள்மேல் விழும். கழுத்தில் விழுந்த பூ ஆரமாக மாறும், காதில் விழுந்தது ஜிமிக்கியாகும், கையில் விழுந்தது வளையலாகும். கடைசிப் பூ நெற்றியில் விழுந்து சுட்டியானதும் கடையின் பெயர் மின்னும். அதற்குப் பிறகுதான் மூலையில், மூடுவதற்கான சின்னப் பெருக்கல் குறி தெரியும். அதை அமுக்கினால்தான் செய்திகள் வரும்.

"யாரும் பாக்காம தாண்டிப் போவ முடியாது மைனி. அதாக்கும் இதுல உள்ள வேலை," என்று சித்தப்பா அம்மாவிடம் சொன்னார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் மைனி என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா வாயில் கைவைத்து அதிசயப்பட்டாள்.

வீட்டில் இருந்தது சித்தப்பாவின் ஆபீஸ் கழித்துவிட்ட பழைய லேப்டாப். அதில் செருகுகிற டாங்கிளுக்குத் தெருப்பக்க ஜன்னலில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால், நீள வயரில் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டிருந்தோம். சித்தப்பாவின் ஆபீஸில் அந்தப் பூக்கள் மழையாகக் கொட்டுமாம். எங்கள் வீட்டில் ஒரு பூ விழுந்து, அடுத்த பூ வருவதற்குள் அம்மா அடுப்பில் பாலைப் பார்த்துவிட்டு வந்துவிடுவாள். அதுதான் அதன் அழகு என்று நாங்கள் நினைத்தோம். அப்பா பக்கத்துக் கடை அண்ணாச்சிகளை அழைத்துவந்து, சாயா கொடுத்து, திரைக்கு முன்னால் உட்கார்த்திவைப்பார். "பைய வரும். நல்ல சரக்கு பையத்தான் வரும், கேட்டேளா," என்பார். அவர்களும் கோயில் நடை திறக்கக் காத்திருக்கிறவர்கள்போல அடக்கமாக உட்கார்ந்திருப்பார்கள். நெற்றிச்சுட்டி வந்ததும் எல்லாரும் மூச்சுவிடுவோம். அதற்கு அடியில் இருக்கும் செய்தியை ஒருவரும் படித்ததில்லை.

இதில் விசேஷம், சித்தப்பா தன் விளம்பரத்தை எங்கள் வீட்டில் ஒருநாளும் பார்த்ததில்லை. வேலை முடிந்து வந்ததும், "பாத்தியளா?" என்பார். "அருமையாட்டு இருக்கு," என்போம். எவ்வளவு நேரம் ஆகிறது என்று சொல்ல எங்களுக்குத் தோன்றவே இல்லை. சொன்னால் குறை சொன்னதாகிவிடுமே!

ஓணத்துக்குச் சரக்கு எடுக்க அப்பா குண்டூருக்கு ரயிலேறினார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்து மழை. கரண்ட் போய்விட்டது. கடையும் அடைப்பு, ஆபீஸும் லீவு என்பதால் சித்தப்பாவும் வீட்டில் இருந்தார். மத்தியானம் சாப்பிட உட்காரும் நேரத்தில் எதிர்க்கடை அண்ணாச்சி குடையோடு தெருவில் நின்று மேலே பார்த்துக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி எந்த வண்டியில போயிருக்காரு? ஆந்திராவுல ரயிலு கவுந்து கெடக்குன்னு சொல்லுகா. கேரளாவுலருந்து போன வண்டியாம்."

கவிழ்ந்தது எந்த வண்டி என்று அவருக்குத் தெரியாது. பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு வந்தார்களாம். அவ்வளவுதான், அவர் குடையைச் சாய்த்துக்கொண்டு போய்விட்டார். அம்மா கையிலிருந்த குழம்புக் கரண்டியைத் தரையில் வைத்தாள். தட்டில் வைக்கவில்லை, தரையில் வைத்தாள்.

அப்பாவின் செல்போனுக்குப் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் மூன்று பாஷையில் சொன்னாள். டிவிக்குக் கரண்ட் இல்லை. சித்தப்பாவின் போன் காலையிலேயே சார்ஜ் தீர்ந்து செத்துக் கிடந்தது. இருந்தது அம்மாவின் போன் ஒன்றுதான். "மைனி, அதை இங்க தாங்க, நான் யார்ட்டயாம் கேக்கேன்," என்று சித்தப்பா கையை நீட்டினார். அம்மா போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "தரமாட்டேன் தம்பி. அவிய கூப்பிடும்போ எங்கேஜ்னு வந்துரப்படாது," என்றாள். சித்தப்பா கையை இழுத்துக்கொண்டார்.

அப்போதுதான் என் அண்ணன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதில் கொஞ்சம் சார்ஜ் இருந்தது. டாங்கிளை ஜன்னலில் தொங்கவிட்டு, மழையில் நனையாமல் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தான். ரயில்வே தளம் திறக்கவே இல்லை. ஊரே அதைத் திறக்க முயன்றுகொண்டிருந்திருக்கும். சரி என்று செய்தித் தளத்தைத் திறந்தான்.

கல்யாணப்பெண் வந்து உட்கார்ந்தாள்.

எத்தனையோ தரம் அவளைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அவள் சிரிப்பது எனக்குப் பிடிக்காமல் போனது. முதல் பூ தலைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. மழைக்குச் சிக்னல் வேறு மங்கியிருந்தது. பூ கொஞ்சம் இறங்கும், நிற்கும். மறுபடி கொஞ்சம் இறங்கும். நாங்கள் நாலுபேரும் திரையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். ஆரம் வந்தது. ஒரு ஜிமிக்கி வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"இப்ப வந்துரும் மைனி," என்றார் சித்தப்பா. "இன்னொரு ஜிமிக்கி, பெறவு வளையல், பெறவு சுட்டி. அம்புட்டுதான்."

அண்ணன் பொறுமையில்லாமல் பக்கத்தை மறுபடி திறக்கச் சொல்லி ஒரு பொத்தானை அமுக்கிவிட்டான். திரை வெளுத்தது. பெண் நகையெல்லாம் கழன்று, வெறுங்கழுத்தோடு முதலிலிருந்து உட்கார்ந்தாள். "லேய், அதுல தொடாதே!" என்று சித்தப்பா கத்தினார். அண்ணன்மேல் அவர் கத்தி நான் கேட்டதேயில்லை. அண்ணன் கண்கலங்கி, வேறொரு செய்தித் தளத்தைத் திறந்தான். அங்கேயும் அவளே வந்தாள். ஓணத்துக்காக நகைக்கடைக்காரர் எல்லா இடத்திலும் பிடித்துப் போட்டிருந்தார் போலிருக்கிறது. திரும்பவும் பழைய இடத்துக்கே போனான்.

அம்மா பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக முணுமுணுத்தாள். நானும் வேண்டிக்கொண்டேன், ஆனால் பிள்ளையாரிடம் இல்லை. பூவிடம் வேண்டிக்கொண்டேன். விழு, சீக்கிரம் விழு, எங்கப்பாவுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது, விழு. என் பயத்துக்கு அந்தப் பூ ஒன்றுதான் எதிரே இருந்தது. லேப்டாப்பின் மூலையில் சார்ஜ் அடையாளம் சிவப்பாகிவிட்டதை அண்ணன் சுட்டிக் காட்டினான். பெண்ணுக்கு இரண்டாவது ஜிமிக்கி வந்தது.

அம்மாவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "தம்பி, அந்தப் பொண்ணை எந்திச்சுப் போவச் சொல்லுங்க!" என்று அலறினாள். "என் மாப்பிள்ள உயிரோட இருக்காவளா இல்லியான்னு பாக்கணும். அவளுக்கு நகை போட்டுப் பாக்கவா நான் நிக்கேன்? எந்திக்கச் சொல்லுங்க!"

சித்தப்பாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர்தான் அவளை எழுந்து போக முடியாதபடி உட்காரவைத்தவர். அண்ணனை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். எங்கெங்கோ போய், எதையெதையோ திறந்து, படம் வேண்டாம், அசைவு வேண்டாம், சத்தம் வேண்டாம் என்று ஒவ்வொன்றாக அணைத்தார். பிறகு தளத்தை மறுபடி திறந்தார்.

பெண் வரவில்லை. அவள் இருந்த இடத்தில் ஒரு காலிக் கட்டம் இருந்தது. அதற்குக் கீழே கடகடவென்று எழுத்து வந்தது. இத்தனை நேரமும் அவ்வளவு பக்கத்தில்தான் இருந்திருக்கிறது, பாவிமட்டை!

அம்மாவுக்கு மலையாளம் படிக்க வராது. அண்ணன் வாய்விட்டுப் படித்து, தமிழில் சொன்னான். கவிழ்ந்தது அப்பா போன வண்டி இல்லை. வடக்கே போகிற வேறு வண்டி. அதுவும் இங்கே நம் ஊர் ஸ்டேஷனிலிருந்து புறப்பட்டதுதான், ஆனால் அப்பாவினுடையது இல்லை. பின்னால் வந்த வண்டிகளையெல்லாம் முந்தைய ஸ்டேஷன்களிலேயே நிறுத்திவைத்திருக்கிறார்களாம். அடிபட்டவர்களைப் பற்றிய விவரம் கிடைக்கக் கிடைக்க இதே பக்கத்தில் வெளியாகும் என்று கடைசி வரியைப் படித்தான். லேப்டாப் அணைந்துபோனது.

அணைந்தால் என்ன! அம்மா என்னைக் கட்டிப்பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தாள். அழுதாள், சிரித்தாள், குழம்பு ஆறிப்போச்சே என்று அங்கலாய்த்தாள். நான் கட்டிலில் ஏறிக் குதித்தேன். அப்பா சாயங்காலம் ஏதோ ஒரு ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார். அவருக்கு ஒன்றுமே தெரியாது, தயிர்சாதம் புளித்துவிட்டது என்று அம்மாவிடம் வாங்கிக்கட்டிக்கொள்ளும்படி ஒரு குறை சொன்னார். அது பிறகு நடந்தது.

எங்களோடு சேர்ந்து சந்தோஷப்படாதவர் சித்தப்பா ஒருவர்தான். அணைந்த திரைக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு, "மைனி, இனி போனைத் தரலாம்லா?" என்று கேட்டார். அம்மா தாராளமாகக் கொடுத்தாள். அவர் ஜன்னலோரம் போய் நின்று தன் மேலதிகாரியைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை தூக்கம் கலைந்த மனிதர் மறுமுனையில் சலித்துக்கொள்வது எனக்கே கேட்டது. அந்த விளம்பரத்தை எடுக்கணும் சார், இப்பவே எடுக்கணும், இன்றைக்கு ஒருநாள் மட்டுமாவது, என்று சித்தப்பா மலையாளத்தில் சொல்லிக்கொண்டே போனார். மேலதிகாரி போனை வைத்துவிட்டார். சித்தப்பா மறுபடி கூப்பிட்டார்.

"இனி எதுக்கு தம்பி இந்த வெப்ராளம்? சாப்பிட வாங்க," என்றாள் அம்மா, இலையைத் துடைத்துக்கொண்டே. "அதான் நம்ம வண்டி இல்லியே."

சித்தப்பா திரும்பவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். "ஆள்க்கார் காத்திரிக்குவா சார். ப்ளீஸ் சார், ஆள்க்கார் காத்திரிக்குவா."

மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற எனக்கு அது ஒவ்வொரு சொல்லாகப் புரிந்தது. ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்கிறார். யார் காத்திருக்கிறார்கள்? நான் சுற்றிப் பார்த்தேன். அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தாள், அண்ணன் முதல் உருண்டையை வாயில் போட்டுவிட்டான். நாங்கள் எல்லாரும்தான் பார்த்து முடித்துவிட்டோமே, சித்தப்பா எதற்காக அவ்வளவு பெரிய மனிதரிடம் இப்படிப் பொய் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தேன்.