தரையைப் பார்க்கும் ஸ்பீக்கர்

மாதத்தின் முதல் தேதி காலை எட்டு மணிக்கு மெர்வின் டக்கெட் தரையில் குப்புறப் படுத்துவிடுவார். ஒரு கையில் டார்ச், மறு கையில் முகம் பார்க்கும் கண்ணாடி. நான்கு கட்டைக்கால்களில் நிற்கும், அடித்தொனிகளை மட்டும் எழுப்பும் சப்வூஃபர் பெட்டியின் அடியில் கண்ணாடியை நுழைத்து, தரையைப் பார்த்துத் தொங்கும் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கரின் கூம்பு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார். ஒரு மில்லிமீட்டர். போன மாதமும் அதேதான். இருந்தாலும் எழுதிக்கொள்வார். உத்தேசமாக எந்த எண்ணும் அவருடைய நோட்டில் ஏறியதில்லை.

வயது எழுபத்தெட்டு. முப்பத்தாறு வருடம் இப்ஸ்விச் நகரத்து ரயில் பட்டறையில் பெட்டிகளுக்கு மரவேலை செய்தவர். காதில் செருகியிருக்கும் பென்சிலை இரண்டு முனையும் சீவி வைத்திருப்பார். பிஸ்கட்டைத் தேநீரில் மூன்று எண்ணும் வரைதான் நனைப்பார். நான்கு எண்ணினால் உடைந்துவிடும் என்பது அவர் சோதித்துக் கண்டது.

மனைவி வால்மே இருபத்தொன்பது வருடம் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். கைகள் மேலே ஓட, கீழேயுள்ள கட்டைகளைக் காலால் மிதித்து அடித்தொனிகளை எழுப்புவார். ஆறு வருடங்களுக்கு முன் இரண்டு காதும் அடியோடு கேட்காமல் போயின. மெர்வின் தேதி போட்டுப் பதிவு செய்து வைத்திருந்த நூற்றுப் பன்னிரண்டு கேசட்டுகள் அலமாரியில் சும்மா கிடந்தன. காது போனால் என்ன, கால் இருக்கிறதே என்றுதான் அவர் பெட்டி செய்ய உட்கார்ந்தார்.

ஸ்பீக்கரை எந்தப் பக்கம் பார்த்து மாட்டுவது என்பதில் பட்டறைக் கூட்டாளி டெஸ் ஹானிகனோடு ஒரு மாதம் சண்டை.

"எவனாவது ஸ்பீக்கர தரையப் பாத்து மாட்டுவானாடா? கூம்பு உன் தாடை மாதிரி தொங்கிப்போயிடும். முன்னால பாக்க வை, பாட்டு சுத்தமா கேக்கும்."

"கேக்கறதுக்கு இந்த வீட்டுல யாருடா இருக்கா?" என்றார் மெர்வின்.

டெஸ் போல்ட்டுகளை எடுத்து நீட்டினார்.

அது மரத்தூண்களின்மேல் நின்ற பழைய பலகை வீடு, தரையும் பலகைதான். வால்மே மூன்று மீட்டர் தள்ளி நாற்காலியில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவார். மெர்வின் நாற்பது தடவை ஒலி எழுப்புவார்; பாதத்தில் அதிர்வு பட்டால் வால்மே கைவிரலைத் தூக்க வேண்டும். முன்னால் பார்த்து வைத்தபோது நாற்பதுக்கு ஒன்பது. கீழே பார்த்து வைத்தபோது நாற்பதுக்கு முப்பத்தேழு. அன்று கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போதே வால்மேயின் கால்கள் தாமாக இடமும் வலமும் நகர ஆரம்பித்தன.

"அய்யோ மெர்வ், இந்த எடத்துல தப்புக் கட்டைய மிதிச்சிருக்கேன்! யாருமே சொல்லலியே!" என்று சத்தமாகச் சிரித்தார்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்று மெர்வின் உதட்டை அசைத்துக் காட்டினார்.

ஐந்து வருடம் நன்றாகப் போயிற்று. பிறகு அந்த வீட்டின் படியில் வால்மே இரண்டு தடவை விழுந்தார். மார்ச் மாதம் முதியோர் குடியிருப்பில் ஒரு வீடு கிடைத்தது. படியே கிடையாது. தரை முழுக்கக் கான்கிரீட்.

கீழே பார்த்து: நாற்பதுக்குப் பூஜ்யம். முன்னால் பார்த்து: பூஜ்யம். மல்லாத்தி, கூரையைப் பார்த்து: பூஜ்யம். சத்தத்தைக் கூட்டியதில் பக்கத்து வீட்டு பெவர்லியின் கோப்பைகள் குலுங்கின. நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. நாற்காலிக்கடியில் பலகைமேடை போடலாமா என்று மெர்வின் எழுதிக் கேட்டார். கால் தடுக்கும் எதுவும் தரையில் கூடாது என்று இன்னொரு கடிதம் வந்தது. கடைசியில் வால்மேயின் பாதங்களைத் தூக்கிப் பெட்டியின்மேலேயே வைத்துப் பார்த்தார். அதிலும் ஒன்றுமில்லை. இருபத்தைந்து மில்லிமீட்டர் பலகை, உள்ளே குறுக்குச் சட்டம் ஒன்பது. பெட்டி துளிகூட அதிரக் கூடாது, அதுதான் தச்சு என்று பெருமைப்பட்டவர் அவரேதான்.

"ரொம்ப நல்லா செஞ்சு தொலைச்சிட்டியேடா, பாவி" என்றார் டெஸ்.

போன வியாழக்கிழமை எட்டு போல்ட்டையும் கழற்றி, ஸ்பீக்கரை மறுபடி தரையைப் பார்த்தே மாட்டினார். கேசட்டை ஓடவிட்டுவிட்டு, சப்வூஃபருக்குப் பின்னால் மண்டியிட்டு, இன்னும் மாட்டாத அதன் ஒயரைத் தேடினார். வால்மே செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் தயாராக இருந்தார். அங்கிருந்து அவருக்கு மெர்வினின் தலை மட்டும்தான் தெரியும்.

விரல் உயர்ந்தது. பின் கால்கள் நகர்ந்தன, இடமும் வலமும்.

"வருது மெர்வ்! நல்லா வருது, பழைய வீட்டுல மாதிரியே. போதும், எழுந்திரு. முட்டி நோவும்."

சப்வூஃபரின் பிளக் இன்னும் செருகாமல் மெர்வினின் கையில்தான் இருந்தது. பிறகு காதிலிருந்த பென்சிலை எடுத்து, நோட்டில் பூஜ்யங்களுக்குக் கீழே முப்பத்தேழு என்று எழுதிவிட்டு, பிளக்கைத் தரையில் ஓசைப்படாமல் வைத்தார்.