முதல் இழுப்பு பொய் சொல்லும்

கோலை உருவினார் ஜவுபர். ஆனால் அதைப் பார்க்கவில்லை. கிழிந்த சாறன் துண்டால் நுனிவரை வழித்துத் துடைத்தார். மறுபடியும் குழாய்க்குள் விட்டு, தலை தட்டும்வரை அமர்த்தினார். ஒரு மூச்சு நிறுத்தி இரண்டாம் முறை உருவியதைத்தான் கண்ணுக்கு முன்னால் கிடையாகப் பிடித்தார்.

"முதல் இழுப்பு பொய் சொல்லும்" என்பது அவர் சட்டம். "ஓடின என்ஜின் உள்ளுக்குள்ள ஒயில வாரி எறைச்சிருக்கும். கோல் முழுக்க அப்பிக் கிடக்கும். அத நம்புறவன் பொண்ணு பாக்கப் போய்த் தோழியப் பாத்துட்டு வந்தவன்."

சாய்ந்தமருதில் கடல்பக்கத் தெருவொன்றின் கடைசி வளவு அவருடையது. வேலியோரம் வேப்பமரம், மரத்தடியில் பழைய பெற்றோல் வேன். அதன் முன் ஆசனத்தைத் தூக்கினால்தான் என்ஜின் முகம் காட்டும். அந்த என்ஜினுக்குள் எவ்வளவு ஒயில் இருக்கிறதென்று சொல்லும் மெல்லிய உருக்குக் கோலை ஊரார் டிப்ஸ்டிக் என்பார்கள். ஜவுபருக்கு அது வெறும் கோல். அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. ஒயில் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஐம்பதைத் தாண்டிய அந்த மனிதரின் மன அமைதியும் அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில்தான் நின்றது.

ஒரே மகள் ஸப்னாவை அக்கரைப்பற்றில் கட்டிக்கொடுத்த பிறகு அவர் வேனை 'இளையவள்' என்று கூப்பிடத் தொடங்கினார். "இளையவளுக்கு இண்டைக்கு ஒயில் மாத்தோணும்" என்று ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து சொன்னாரென்றால், மனைவி ஸுஹைறா அடுப்பில் கேத்தலை ஏற்றிவிடுவாள். ஏனென்றால் இந்த வேலையில் அவளுக்கும் ஒரு பங்கு உண்டு. அவள்தான் கடிகாரம்.

முறை இதுதான். பழைய ஒயிலை இறக்கி, பில்டரை மாற்றி, "பிஸ்மில்லாஹ்" சொல்லிப் புதியதை ஊற்றுவார். அத்தோடு கோலை உருவிப் பார்க்க மாட்டார். "பில்டர் இன்னம் குடிக்கல்லியே" என்று என்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்துவார். மேலே ஏறிய ஒயில் சொட்டுச் சொட்டாக அடிக்கு இறங்கி வரவேண்டும். அதற்குத்தான் பிளேன்டீ. ஸுஹைறா தேத்தண்ணீரைக் கொண்டுவந்து கொடுப்பாள். அவர் சீனியை உள்ளங்கையில் கொட்டி, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று கடைசித் துளிவரை குடிப்பார். கோப்பை காலியான பிறகுதான் கோலில் கை வைப்பார். பார்ப்பதும் கோலின் இரு பக்கத்தையும். "எந்தப் பக்கம் கொறயக் காட்டுதோ, அதுதான் நிசம்."

வளவெல்லாம் கடல் மணல். வேனை நிறுத்தினால் ஒரு பக்கச் சக்கரம் தாழ்ந்துவிடும்; வண்டி சாய்ந்தால் கோலும் தப்பான கதை சொல்லும். ஆகவே சக்கரத்துக்கொன்றாகச் சீமெந்துத் தட்டுப் போட்டிருந்தார், குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்து. வயற்காரர் வீட்டுப் பிள்ளை அல்லவா! "வயல் மட்டமில்லாட்டி வெள்ளாம ஒரு பக்கம் தாழும், ஒரு பக்கம் காயும். வண்டியும் அப்பிடித்தான்" என்பார்.

இந்தத் தட்டுகளைக் கண்டு சிரித்தவன் ஸுஹைறாவின் தம்பி றிம்சான். அவனிடம் ஒரு சின்ன லொறி இருந்தது. "மச்சானுக்குப் பைத்தியம். அரிசி ஆலையில நெல்லுக் காயப்போடுற தளம் இரிக்கி, கண்ணாடி மாதிரி. அதுல நிப்பாட்டிப் பாத்தா முடிஞ்சிது" என்று போனான். நெல் காயும் தளத்தை மழைத்தண்ணீர் வடிவதற்காகச் சரித்துத்தான் கட்டுவார்கள் என்பதை நெல் ஏற்றியே பிழைத்த அவன் யோசிக்கவில்லை. கோல் குறையக் காட்டியது, ஊற்றினான். மறுநாள் கல்முனைச் சந்தியில் அவன் லொறி நீலப் புகையைக் கக்கி, சீல் உடைந்து, நடுத்தெருவில் ஒயில் கோலம் போட்டு நின்றது. அன்றிலிருந்து அவனைக் காணும்போதெல்லாம் ஜவுபர், "வாங்க மச்சான், நெல்லுக் காஞ்சிட்டா?" என்று கேட்காமல் விட்டதில்லை.

இத்தனை கண்டிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு வீரமுனைப் பாக்கியராசாவின் கதையைச் சொல்ல வேண்டும். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட மனிதர் அவர். இரத்தம் சுத்தம் செய்ய வாரந்தோறும் மட்டக்களப்புக்குப் போயே ஆகவேண்டும். ஒரு தடவை அவரை ஏற்றிப்போன வாடகை வாகனம் கல்லாற்றுப் பாலத்துக்கு இப்பால் புகைந்து நின்றுவிட்டது. முகம் வீங்கி மூச்சுக்குத் தவித்த புருசனை மடியில் கிடத்தி, போகிற வாகனத்துக்கெல்லாம் கைகூப்பி அழுதுகொண்டிருந்தாள் தங்கரத்தினம். அப்போது வந்து நின்றது ஜவுபரின் வேன்தான். வைத்தியசாலை வாசலில் அவரைத் தூக்கி இறக்கியவரும் ஜவுபர்தான். அன்றிலிருந்து அந்த இருவரும் வேறு வண்டியில் ஏறுவதில்லை. விடியவே ஓட்டோவில் வந்து, ஜவுபரின் வாசலில் வேன் மாறுவார்கள். "எண்ட வண்டி நடுறோட்டில நிண்டா அது பிரேக்டவுன் இல்ல புள்ள, கொல" என்று ஸுஹைறாவிடம் ஒருமுறை சொன்னார்.

அப்படிப்பட்ட மனிதரிடம் ஒரு குறை வந்து சேர்ந்தது. அதை அறிந்தவள் ஸுஹைறா ஒருத்திதான்.

தூரத்துப் பார்வைக்கு ஒரு குறையுமில்லை. வீதியில் அரைக்கட்டை தொலைவில் வரும் மாட்டையும் கண்டுவிடுவார். கிட்டப் பார்வைதான் மங்கியது. வெள்ளெழுத்து. குர்ஆனைக் கை நீட்டிப் பிடித்து ஓதினார். மருந்துப் பெட்டியின் எழுத்தைப் பார்த்து, "அச்சடிச்சவன் மையக் கொறச்சிட்டான்" என்று குற்றம் சொன்னார். மீனில் முள் எடுக்க அவள் பக்கம் பீங்கானைத் தள்ளி, "நீ எடுத்தா ருசி" என்றார். கண்ணாடி என்ற சொல்லை எடுத்தால் மட்டும் முகம் சிவக்கும். "கண்ணாடி போட்ட டிரைவர ஆரு நம்புற? நாளைக்கே தங்கரத்தினம் அக்கா வேற வண்டி பாப்பா." வாய்விட்டு அழத் தெரியாத ஆண்களின் பயம் கோபமாகத்தானே வெளியே வரும்! ஸுஹைறா அதற்குமேல் கதைக்க மாட்டாள்.

பழைய ஒயிலில் இந்தக் குறை வெளியே தெரியவில்லை. அது கறுப்பு, கோலில் சுறுமா தீட்டியது போல ஒட்டும். புது ஒயில் அப்படியல்ல. கித்துள் பனைப் பாகை ஆற்று நீரில் கரைத்த நிறம். மினுங்கும் உருக்கில் அது இருப்பதும் தெரியாது, முடிவதும் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை பிளேன்டீ குடித்து முடித்து, துடைத்து, விட்டு, உருவிப் பார்த்தார் ஜவுபர். "கொறயுது" என்றார். ஊற்றினார். என்ஜினை ஓட்டி நிறுத்தினார். இரண்டாவது பிளேன்டீ. மறுபடி உருவினார். நெற்றி சுருங்கியது. கையை நீட்டினார், மடக்கினார், கோலைத் திருப்பினார். "இன்னம் கொறயுது." மறுபடியும் ஊற்றினார்.

வாங்கில் குந்தியிருந்த றிம்சானுக்குப் பொழுது இனித்தது. "மச்சான், இளையவளுக்கு இண்டைக்கு நல்ல பசி போல."

"வாயப் பொத்திட்டு இரிங்க. நெல்லுக் காயப்போடுற ஆக்களுக்கு இது வெளங்காது."

ஸுஹைறா கோப்பையை எடுக்கக் குனிந்தவள், பக்கத்தில் கிடந்த ஒயில் கேனைத் தூக்கி நிமிர்த்தினாள். எப்போதும் அதில் மிச்சம் இருக்கும். கேற்றுப் பிணைச்சலுக்கும் தேங்காய்த் திருவலையின் மடக்குக்கும் அவள் எடுத்து வைப்பாள். இன்றைக்குக் கேன் பதர்போலக் கையில் எழும்பியது. அவ்வளவும் உள்ளே! சந்தியில் புகை கக்கி நின்ற தம்பியின் லொறி அவள் கண்ணில் வந்தது. அடுத்த கணமே கல்லாற்று வீதியோரம், ஒரு பெண்ணின் மடி, வீங்கிய ஒரு முகம். விடிந்தால் சனிக்கிழமை. பாக்கியராசா போகிற நாள்.

சொல்லத்தான் வேண்டும். ஆனால் எப்படிச் சொல்வது, அதுவும் இவனுக்கு முன்னால்?

"றிம்சான், சீனி முடிஞ்சி. ஓடிப்போய் வாங்கிட்டு வா."

"டப்பா நெறய இப்பதானே ராத்தா கண்டன்?"

"அது எறும்பு மொச்சது. போடா கெதியா."

"மச்சான்ட ஒயில விட ஒங்கட சீனிதான் வேகமா முடியுது" என்று முணுமுணுத்தபடி அவன் சைக்கிளை எடுத்தான்.

ஸுஹைறா கொடியில் காய்ந்த வெள்ளைக் கைக்குட்டையை உருவிக்கொண்டு வேனடிக்குப் போனாள்.

"என்ன புள்ள இது? ஜும்ஆவுக்குக் கொண்டுபோற லேஞ்சி!"

"தோய்க்கிறது நான்தானே. கோலத் தாங்க."

அவர் துடைத்து, விட்டு, உருவிய கோலை அவள் வாங்கினாள். லேஞ்சியின் மேல் கிடத்தி மெதுவாக அமர்த்தினாள். ஈரம் துணியில் பரவியது. கீழ்க்கோட்டைத் தாண்டியது, மேல்கோட்டையும் தாண்டி விரலகலம் ஏறி நின்றது. அந்தப் பெரிய மஞ்சள் கறை அவருக்கும் தெரிந்தது.

ஜவுபர் லேஞ்சியைப் பார்த்தார். வேப்ப மரத்தை அண்ணாந்து பார்த்தார். "வெயிலு... கண்ணக் கூசுது" என்றார்.

மரத்தின் நிழல் இருவரையும் மூடியிருந்தது.

"ஓம், சரியான வெயிலு" என்றாள் ஸுஹைறா. "இஞ்சாருங்க, அவன் வாறத்துக்குள்ள கொஞ்சம் எறக்கிடுங்க."

மறுபேச்சில்லாமல் வேனுக்கடியில் புகுந்தார். அடி நட்டு இளகியதும் புது ஒயில் நூலாக இறங்கித் தாச்சியில் விழுந்தது. அதற்குள் சைக்கிள் மணி கேட்டது.

"என்ன மச்சான், ஊத்தினத்தையே எறக்கிறீங்க? தளம் சரிஞ்சிட்டா?" றிம்சானின் குரலில் எத்தனை நாள் காத்திருந்த சந்தோசம்!

ஸுஹைறாதான் முந்தினாள். "எண்ட பிழடா. தேத்தண்ணிய நேரத்தோட கொண்டாந்துட்டன். ஒயில் எறங்கமுதல் கோல உருவி, கொறயுதெண்டு ஊத்திட்டார்."

"அப்ப பிழ ராத்தாட கேத்தலுக்கா!" விழுந்து விழுந்து சிரித்தான் அவன். கீழே நட்டுச் சாவி ஒருகணம் அசையாமல் நின்றது; பிறகு நட்டை இறுக்கியது. மூன்றாவது பிளேன்டீயை அவள் வேண்டுமென்றே ஆறவிட்டுக் கொண்டுவந்தாள். கோல் உருவப்பட்டபோது அவள் பக்கத்தில் நின்று, "இப்ப நடுவுல" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

அன்று சோறு தின்னும்போது மீன் பீங்கானை அவர் வழக்கம்போல அவள் பக்கம் தள்ளினார். "நீ எடுத்தா ருசி" என்று சொல்லவில்லை.

மறுநாள் ஜவுபர் சுபஹ் தொழுதுவிட்டு வந்தபோது வாசலில் ஓட்டோ நின்றது. பாக்கியராசாவைத் தாங்கலாகப் பிடித்து வந்து வேனில் ஏற்றினாள் தங்கரத்தினம். புகை வருகிறதா என்று பார்க்க றிம்சானும் விடிய வெள்ளனவே ஆஜர். குளிர்ந்த என்ஜின், ஒயிலெல்லாம் அடியில் அடங்கிக் கிடக்கும் நேரம். கோல் உண்மை சொல்ல இதைவிட நல்ல வேளை கிடையாது. வழக்கம்போல எல்லாருக்கும் முன்னால் ஜவுபர் ஆசனத்தைத் தூக்கினார். உருவினார். துடைத்தார். விட்டார். மறுபடி உருவினார்.

"எப்பிடித் தம்பி, சரியா இருக்கா?" என்று கேட்டாள் தங்கரத்தினம்.

குசினி யன்னலுக்குள் நின்று ஸுஹைறா பார்த்துக்கொண்டிருந்தாள். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், வேன் புறப்பட்டுவிடும்.

ஜவுபர் கோலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தூரத்துக்கு எண்ட கண்ணுல ஒரு குறையுமில்ல அக்கா, றோட்டப் பத்திப் பயப்படாதீங்க" என்றார் கடைசியில். "கிட்டத்துக்குத்தான் ஏலாமப் போச்சி. நேத்தும் பிழயாப் பாத்துக் கூட ஊத்திட்டன். கேத்தல்ல ஒரு பிழயுமில்ல."

தங்கரத்தினம் சிரித்தாள். "எனக்கு மட்டும் என்னவாம்? கோயில் மணிக்கூண்டு இஞ்ச நிண்டாத் தெரியும், ஊசி கோக்க ஏலா. தெரிஞ்ச ஆளக் கூப்பிட்டுக் காட்டுங்க தம்பி, நேரம் போகுது."

"ஸுஹைறா!"

நாலு பேருக்கு முன்னால் அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அவள் முற்றத்து மணலில் இறங்கி வந்தாள். ஜவுபர் கோலை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். வலக்கை கோலைப் பிடித்திருந்தது. இடக்கை அதன் நுனிக்குக் கீழே குழிந்து நின்றது, ஒரு சொட்டும் அவள் உடுப்பில் விழாதபடி.