அரண்மனை வாசலில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர்

கண்டியில் இருக்கிறவர்கள் கண்டியைச் சுற்றிப் பார்க்க வேன் பிடிப்பார்களா? என் கணவர் பிடித்தார். அம்பிட்டியவில் எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால், டிக்கெட் காசை எண்ணிக் கொடுப்பதற்குள் வாவிக்கரை வந்துவிடும். அதற்குப் போய் வழிகாட்டியோடு ஒருநாள் சுற்றுலா என்று ரெண்டு சீட் போட்டுவிட்டு வந்து நிற்கிறார் மனுசன். காலையில் கோதிக் பேராலயம், பகல் சாப்பாடு, பின்னேரம் அரண்மனை. ஒரு சீட் எனக்கு, மற்றது அவருடைய அம்மாவுக்கு. அவருக்கு மட்டும் அன்றைக்கு ஆபீஸில் தலைபோகிற வேலையாம்.

"உங்களுக்கு என்ன, கிறுக்குப் புடிச்சிருக்கா?" என்றேன்.

"அம்மாவுக்கு யாராச்சும் தமிழ்ல விளக்கமா சொல்லணும். உனக்குத் தெரியுமா அரண்மனையைப் பத்தி?"

எனக்குத் தெரியாது.

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவார்களே, பிள்ளைக் காம்பரா, அதில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு அறை நிறையப் பிள்ளைகளை அதட்டி வளர்த்த தொண்டை இன்னும் அப்படியே இருக்கிறது. எங்கள் வீட்டில் அவர் சத்தம் போட்டால் பக்கத்து வீட்டு நாயும் குரைப்பதை நிறுத்தும். எனக்கும் அவருக்கும் உப்பிலிருந்து உடுப்புக் காயப்போடுவது வரைக்கும் தகராறுதான். ஆனால் அரண்மனை விஷயத்தில் நான் அவரைக் கேலி செய்ததே இல்லை.

ஏனென்றால் அவர் ஆயுசு முழுக்க அதைப் பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறார். சின்ன வயசில் டவுனுக்கு வரும்போதெல்லாம், "அது ராசா வீடு, அங்கெல்லாம் நம்மள விடமாட்டாங்க" என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார்கள். பிறகு சண்டைக் காலம். தமிழாள் என்று வாசலில் மறித்துக் கேள்வி கேட்பார்களோ என்ற பயம். அதெல்லாம் முடிந்த பிறகு முழங்கால் வலி. இப்படியே போய்விட்டது. "சாகிறதுக்குள்ள ஒருக்கா உள்ள போய் ராசா உட்கார்ந்த எடத்தைப் பாத்துரணும் புள்ள" என்று என்னிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பார்! அதனால்தான் வேன் வந்தபோது நான் மூச்சுக்காட்டாமல் ஏறினேன். புத்தர் விகாரையும் அரண்மனையும் ஒரே மதிலுக்குள், ஒரே வளவுக்குள் இருப்பதால் வெளிர் நிறத்தில் உடுத்த வேண்டும் என்று தெரிந்து, அத்தை அலுமாரியைக் கலைத்துப் போட்டு ஒரு சந்தன நிறச் சேலையை எடுத்துக் கட்டியிருந்தார். தலையில் கொஞ்சம் பூ வேறு.

வேனில் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. நல்ல மனுசர்கள். அந்த அம்மா ஏறினதும் ஏறாததுமாக அத்தையிடம், "உங்களுக்குப் பூர்வீகம் எது?" என்று கேட்டார்.

"வத்தேகம."

"இல்லம்மா, அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடியும் வத்தேகமதான்" என்று அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வழிகாட்டி ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பி. கண்டியில் கனகாலமாக இருக்கிறாராம். மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை. "வாங்கோ அம்மா, மெல்லமா இறங்குங்கோ" என்று அத்தையின் கையைப் பிடித்து இறக்கினார். அந்தக் கையைத்தான் பின்னேரம் நான் தட்டிவிட வேண்டி வந்தது.

பேராலயத்து வாசலில் அத்தை செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "இங்க கழட்டத் தேவையில்லை அம்மா" என்றார் தம்பி. "சாமி இருக்கிற எடம்தானே?" என்று கேட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே போய்விட்டார் அத்தை. செங்கல் சுவர், கூரான வளைவுகள், கலர்க் கண்ணாடி. வெயில் அந்தக் கண்ணாடி வழியாக விழுந்து தரையெல்லாம் சிவப்பும் நீலமுமாகக் கிடந்தது. பார்க்க அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. தம்பி கழுத்தை அண்ணாந்து, "இதுதான் கோதிக். வெள்ளைக்காரர் தங்கட நாட்டில எப்பிடிக் கட்டினவையோ அப்பிடியே இங்கயும் கட்டினவை" என்றார்.

"அவங்களே செங்கல் சுமந்தாங்களா தம்பி?" என்றார் அத்தை.

தம்பி சிரித்துவிட்டு அடுத்த தூணுக்குப் போய்விட்டார். சுவரில் பித்தளைத் தகடுகள் பதித்திருந்தார்கள். தோட்டம் திறந்த துரைமார், பட்டாளத்துத் துரைமார், காய்ச்சலில் போன துரைசாணிமார். ஒவ்வொன்றாகத் தம்பி வாசித்து, அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தவர்கள் என்றும் சொன்னார். ஒருத்தரையும் அவர் வெளிநாட்டுக்காரர் என்று சொல்லவில்லை. "கண்டியின்ர பழைய ஆக்கள்" என்று சொன்னார். அப்போது அது என் காதில் ஏறவில்லை. பிறகுதான் ஏறியது, ஏறினது இன்னும் இறங்கவில்லை.

பகல் சாப்பாட்டுக்கு ஒரு ஹோட்டலில் நிறுத்தினார்கள். அத்தை பையிலிருந்து ரொட்டியும் கட்டச் சம்பலும் எடுத்தார். மதுரை அம்மா ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டு, காரத்தில் கண் கலங்கி, "எங்க பக்கம் இப்படி ரொட்டியே கிடையாதும்மா" என்றார். "இது எங்க ஊரு ரொட்டி, ஒங்க பக்கம் எப்படிக் கெடைக்கும்?" என்று அத்தை பெருமையோடு இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார். நல்ல மனநிலையில் இருந்தார் பாவம்.

அரண்மனை வளவு வாசலில்தான் வந்தது வினை.

அங்கே உள்நாட்டு ஆட்கள் ஒரு பக்கமாக டிக்கெட் இல்லாமல் போவார்கள். வெளிநாட்டுக்காரர்கள் டிக்கெட் எடுத்து மற்றப் பக்கமாகப் போவார்கள். தம்பியின் வேலை முறை என்னவென்றால், எல்லோருக்கும் முதலே டிக்கெட் எடுத்துவிட்டு, வெளிநாட்டு ஆட்களின் தோளில் வட்டமான ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டிவிடுவது. கூட்டத்தில் தன் ஆட்களை அடையாளம் பிடிக்க வசதியாம். மதுரைக்காரர்களுக்கு ஒட்டினார். திரும்பினார். அத்தையின் சந்தன நிறச் சேலையில், தோளில், ஒன்றை ஒட்டினார். எனக்கும் ஒட்டக் கையைக் கொண்டுவந்தார். அந்தக் கையைத்தான் தட்டிவிட்டேன்.

"இது என்னத்துக்குத் தம்பி?"

"வெளிநாட்டு டிக்கெட் எடுத்தாச்சு அக்கா."

"யாரு வெளிநாடு? நாங்க அம்பிட்டிய! வீட்டு வாசல்ல வந்துதானே ஏத்துனீங்க?"

"சொந்தக்காரர் வீட்டில வந்து நிக்கிறியள் எண்டு நினைச்சன். உங்கட கதையும் அவையள் பேசுற மாதிரியே இருந்தது." மதுரைக் குடும்பத்தைக் காட்டினார். அதோடு நிறுத்தியிருந்தால் நான் விட்டிருப்பேன். ஆள் தெரியாமல் நடந்த பிழை, யாருக்கும் நடக்கும். ஆனால் அந்தத் தம்பி சமாதானம் செய்கிறேன் என்று இன்னொன்றைச் சொன்னார்.

"குறை நினைக்காதேங்கோ. நீங்கள் இந்தியத் தமிழ் தானே?"

தோட்டத்து ஆட்களை இந்த நாட்டில் கடதாசியில் அப்படித்தான் எழுதுவார்கள், பிறந்தது இங்கேயாக இருந்தாலும். ஐயோ, எனக்கு வந்ததே கோபம்! பின்னேர வெயில், சுற்றிலும் சனம், ஒன்றும் கண்ணில் தெரியவில்லை. "இந்தியாவை நான் டிவியிலதான் பாத்திருக்கேன்! பாஸ்போர்ட்டே கெடையாது! நீங்க யாழ்ப்பாணத்துல இருந்து கண்டிக்கு வந்தா உள்நாடு, இவங்க வத்தேகமயில இருந்து வந்தா வெளிநாடா? எந்தக் கணக்குங்க இது?" என்று கத்தினேன். சிங்கள ஆட்கள் இப்படிச் சொன்னால்கூட எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. இவர் நம்மோடு ஒரே மொழி பேசுகிறவர். காலையில் கையைப் பிடித்து இறக்கினவர்.

தம்பி மிரண்டுபோனார். "சரி அக்கா, சரி. இப்ப டிக்கெட் எடுத்தாச்சு. அம்மா சும்மா அப்பிடியே ஒட்டிக்கொண்டு வரட்டும். ஒரு பிரச்சினையும் வராது."

மதுரை அம்மாவும், "ஒரு ஸ்டிக்கர் தானேம்மா, உள்ள போயி பிச்சுப் போட்டுடலாம்" என்றார். அவர் நல்லதுக்குத்தான் சொன்னார்.

அத்தையின் அந்தப் பெரிய தொண்டை அன்றைக்கு எங்கே போயிற்று? தோளில் இருந்த மஞ்சள் வட்டத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு நகத்தால் மெதுவாகக் கிளப்பி, சேலை நூல் பிய்யாமல் எடுத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"நான் இதை ஒட்டிக்கிட்டு உள்ள வரமாட்டேன். நீங்க போய்ட்டு வாங்க. நான் இப்படி நிக்கிறேன்."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். இலங்கையும் இந்தியாவும் உட்கார்ந்து, தோட்டத்து ஆட்களில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று எங்களைப் பங்கு போட்டபோது, அத்தையின் அண்ணன் இந்தியாவின் பங்கில் விழுந்தார். வத்தேகமயில் பிறந்த மனுசன். கண்டி ஸ்டேஷனில் அவரைக் கோச்சி ஏற்றிவிட்டு, பெட்டி மறையும் வரைக்கும் மேடையில் ஓடினவர் அத்தை. அத்தைக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்தது அதற்கு எவ்வளவோ காலத்துக்குப் பிறகு. அப்போது என் கணவரே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அடையாள அட்டை இல்லாமல் அத்தை வாசல்படி தாண்டமாட்டார். கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் சரி, சேலைத் தலைப்புக்குள் சின்னப் பர்ஸ், அதற்குள் அட்டை. யாரும் கேட்காமலே எடுத்து நீட்டுவார். நாங்கள் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

"நிக்கவெல்லாம் வேணாம் அத்தை. வாங்க, நம்ம பக்கமா போவோம்" என்று அவர் கையைப் பிடித்து உள்நாட்டு வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கேயும் மறித்துவிட்டால் இந்த மனுசியை எப்படித் திருப்பிக் கூட்டிப்போவது என்ற பயம் வேறு.

பெண்களைச் சோதிக்கிற இடத்தில் ஒரு சிங்களப் பிள்ளை நின்றது. அத்தை பர்ஸைத் திறந்து அட்டையை நீட்டினார். அந்தப் பிள்ளை, தேவையில்லை அம்மே, போங்கள் என்று சிங்களத்தில் சொல்லிக் கையைக் காட்டியது. அத்தை நகரவில்லை. நல்ல சிங்களத்தில், "இல்லை மகளே, பாரு" என்றார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது. பிறகு என்ன நினைத்ததோ, அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தது. "சரி அம்மே" என்றது.

அப்படித்தான் என் மாமியார் அரண்மனைக்குள் போனார்.

ராசா சபை கூடின மண்டபத்தில் மற்றவர்கள் எங்களுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். சித்திரம் செதுக்கின மரத்தூண்களை அத்தை ஒவ்வொன்றாக நின்று பார்த்தார். முழங்கால் வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கும் கோபம் கொஞ்சம் தணிந்துகொண்டு வந்தது. அப்போதுதான் தம்பி மதுரைக்காரர்களைச் சந்தோசப்படுத்த நினைத்து அந்தக் கதையை எடுத்தார்.

"உங்களுக்கு ஒரு புதினமான விசயம் சொல்லுறன். கண்டியின்ர கடைசி ராசா உண்மையில உங்கட பக்கத்து ஆள். அந்தப் பரம்பரையே தென்னிந்தியாதான்."

மதுரை அம்மா வியந்துபோய்க் கையைத் தட்டினார். அத்தை தூணிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கிட்ட வந்தார்.

"அந்த ராசா இங்க இருந்தாருதானே தம்பி?"

"ஓம் அம்மா, சின்ன வயசில இருந்தே இங்கதான். இந்த வாவியையும் அவர்தான் வெட்டுவிச்சவர்."

"அப்புறம்?"

"அப்புறம் வெள்ளைக்காரர் பிடிச்சுக் கப்பலில இந்தியாவுக்கு அனுப்பிப் போட்டினம். அங்கதான் செத்தவர்."

அத்தை அந்த மண்டபத்தை அண்ணாந்து பார்த்தார். "எங்க அண்ணனும் அங்கதான் செத்தாரு" என்றார். தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்பிடியே அம்மா?" என்று மட்டும் கேட்டார்.

அத்தை மூடியிருந்த கையை விரித்தார். மஞ்சள் ஸ்டிக்கர் வியர்வையில் சுருண்டு உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை உரித்து, தம்பியின் கையைப் பிடித்து, காலையில் அவர் அத்தையின் கையைப் பிடித்து இறக்கின அதே மரியாதையோடு, அதில் வைத்தார். பிள்ளைக் காம்பராவின் பழைய தொண்டை திரும்பி வந்துவிட்டது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

"இந்தாங்க தம்பி. ராசாவுக்கு ஒட்டிருங்க."