வீடு எதை விடும்?

அழைப்பு மணியை அழுத்துவதற்கு முன் அவர் இடது மணிக்கட்டிலிருந்து கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். பட்டை இருந்த இடத்தில் வெளுத்த வளையம் ஒன்று தெரியும். "ஒரு வீட்டுக்குள்ள போய் உட்கார்ந்து மணி பார்த்தா, எப்ப முடிப்பீங்கன்னு கேக்கற மாதிரி ஆயிடும். அப்புறம் யாரு வாயைத் திறப்பா?" என்பது அவர் கட்சி. உள்ளே நுழைந்ததும் அடுத்த கேள்வி: "இந்த வீட்டுல யாரும் உட்காராத இடம் எது?" ஒவ்வொரு நாற்காலிக்கும் வீட்டில் ஒரு சொந்தக்காரர் உண்டு. தெரியாமல் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் அன்றைக்குப் பேச்சு முழுவதும் அப்பாவோடு போய்விடும். அதனால் அவரைப் பெரும்பாலும் செருப்பு அலமாரிக்குப் பக்கத்திலோ, துணி காயும் கொடிக்கு அடியிலோதான் காணலாம். தலையில் சொட்டினால் துடைத்துக்கொள்வார்.

இளையோர் மையம் அவருக்குக் கொடுத்திருக்கும் பதவிப்பெயர் ஒரு மூச்சில் சொல்ல முடியாதது: தனிநபர் வளர்ச்சித் திட்ட ஒருங்கிணைப்பாளர். மெதுவாகப் படிக்கும் பிள்ளைகள், பாதியில் பள்ளியை விட்ட பிள்ளைகள், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்ட பிள்ளைகள் என்று மையம் அனுப்பும் ஒவ்வொருவரின் வீட்டுக்கும் போய், அவர்களோடும் வீட்டாரோடும் உட்கார்ந்து, அடுத்து என்ன என்று பேசித் தீர்மானிப்பது அவர் வேலை. பிள்ளைகள் பதவிப்பெயரைச் சுருக்கி 'பிளான் மாமா' ஆக்கிவிட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய, கதவு நிலையில் குனிந்து நுழைய வேண்டிய உருவம். குரல் அதைவிடப் பெரிது. அவர் காதோடு காதாகச் சொல்லும் ரகசியம் எதிர்வீட்டில் பதில் வாங்கும்.

பேச்சு நின்றுபோகும் நேரங்களில் அவர் கை சும்மா இருக்காது. ஆடும் மேசைக் காலுக்கு அடியில் மையம் அச்சடித்த வழிகாட்டி நூலின் அட்டையைக் கிழித்து மடித்து வைப்பார். "இவ்வளவு கனமான அட்டை வேற எதுக்கு உதவும், சொல்லுங்க?" வீட்டார் சிரித்துவிட்டால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "காலையில எழுந்ததும் முதல் சண்டை யாருக்கும் யாருக்கும்?" பிள்ளையின் குறை என்ன என்று அவர் கேட்டதே இல்லை. அந்தச் சண்டையைப் பற்றிச் சொல்லச் சொன்னால் போதும், அந்த வீடு முழுவதும் அதற்குள் வந்துவிடும்.

அவருடைய திட்டத்தாளில் நடுவே ஒரு கோடு. இடது பக்கம், பிள்ளை எதைக் கற்கப் போகிறது. வலது பக்கத்துக்கு அவர் வைத்திருக்கும் தலைப்பு: 'வீடு எதை விடும்?' இடது பக்கம் ஒரு தேநீர் ஆறுவதற்குள் நிரம்பிவிடும். பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க எல்லோரிடமும் ஏராளமாக இருக்கிறது. வலது பக்கத்துக்கு வரும்போதுதான் அப்பாக்களுக்கு ஃபோன் வரும், அம்மாக்களுக்கு அடுப்பில் ஏதாவது தீயும்.

'பொடிசு' என்று வீட்டில் அழைக்கப்படும் பெண்ணின் வீட்டிலும் அப்படித்தான். பத்தொன்பது வயது, அம்மாவைவிட ஒரு தலை உயரம், பெயர் மட்டும் பொடிசு. எதையும் கற்க நாளாகும் அவளுக்கு, கற்றதை மறந்ததில்லை. விடுதிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்த்து அனுப்பும் லாண்டரி ஒன்றில் விரிப்பு மடிக்கும் வேலைக்கு அவளை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார்கள். விளிம்போடு விளிம்பு சேர்த்து அவள் மடிப்பதைப் பார்த்த லாண்டரி மேலாளர் அம்மாளுக்குப் பிடித்துப்போயிற்று. பிடிக்காதது ஒன்றுதான். முதல் வாரம் முழுவதும் அவளுடைய அம்மா கூடவே வந்து, வேலை முடியும்வரை வாசலில் கைப்பையை அணைத்தபடி நின்றார். "உங்க பொண்ணு நல்லா வேலை செய்யுது. நீங்க நிக்கறதைப் பார்த்துத்தான் என் ஆளுங்க கை ஓடல. திங்கக்கிழமையிலேர்ந்து தனியா வரணும். முடியலன்னா சொல்லிடுங்க, வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார் மேலாளர்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பிளான் மாமா செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார். இடது பக்கத்தில் ஒரே வரி: 'நானே பஸ்ஸில் போவேன்.' அது பொடிசு சொன்ன வார்த்தை. பிள்ளைக்குப் பதிலாக மற்றவர்கள் சொல்லும் வார்த்தையை அவர் எழுதமாட்டார்.

"சரி. இப்ப வலது பக்கம். அப்பா?"

அப்பா தொண்டையைச் செருமினார். "அவளை யாராவது ஏதாவது கேட்டா நான் பதில் சொல்றதை விட்டுடறேன்."

"நல்லது. அம்மா?"

"நான் என்னத்த சார் விடறது? எல்லாத்தையும் விட்டுட்டுத்தானே இவ கூட இருக்கேன்."

"அந்தக் கூட இருக்கறதைத்தான் கேக்கறேன்."

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பஸ் ஸ்டாப் வரைக்கும் வருவேன். அதுக்கு மேல வரல. எழுதிக்குங்க" என்றார், கையைச் சுட்டுக்கொண்டவரைப் போல.

அப்பாவின் அக்கா, பொடிசின் அத்தை, அந்த வீட்டோடு இருப்பவர். கேட்பதற்கு முன்பே, "நான் என்ன தம்பி பண்றேன்? பாவம், ஒரு ஓரமா உட்கார்ந்திருக்கேன்" என்றார்.

"அந்தப் 'பாவம்'. அதை விட்டுடுங்க அத்தை."

"அது ஒரு வார்த்தை. வாயில வருது."

"வாயை மூடிக்கிட்டா வராது" என்றாள் பொடிசு. அப்பா சிரிப்பை அடக்கச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாளைக் காலை யாரும் அவளைப் பின்தொடரக் கூடாது என்று முடிவாயிற்று. பிளான் மாமா பேனாவை மூடப் போனார். பொடிசு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கேள்வி அவளிடம் உருவாகி வெளியே வர நேரமாகும். அவள் பேசும்வரை காத்திருக்கத் தெரிந்தவர் என்பதால்தான் அவளுக்கு அவரைப் பிடிக்கும்.

"மாமா, நீங்க எதை விடுவீங்க?"

இத்தனை வருடத்தில் யாரும் அவரைக் கேட்காத கேள்வி. "நான் வீடு இல்லையேம்மா" என்று பெரிதாகச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் பேனாவை இரண்டு முறை மூடினார்.

அவர் விடாத ஒன்று இருந்தது. தன்னிடம் வரும் ஒவ்வொரு பிள்ளையையும் முதன்முதலாகத் தனியே அனுப்பும் நாளில், தெரியாமல் பின்னாலேயே போவார். அது யாருக்கும் தெரியாது என்பது அவருடைய நம்பிக்கை. டயர் கடையில் வேலை பார்க்கும் பழைய பிள்ளை ஒருவன் சொல்வான்: "மாமா என் பின்னாடி ரெண்டு மாசம் வந்தாரு. மரத்துக்குப் பின்னாடி நிப்பாரு. மரத்தோட ரெண்டு பக்கமும் அவர்தான் தெரிவாரு. நான் கண்டுக்காத மாதிரியே போயிடுவேன். பாவம், அவருக்கும் ஒரு நிம்மதி வேணும்ல?" அவருடைய மகள் வெளியூருக்குப் படிக்கப் போன அன்று, வழியனுப்பிய கையோடு அதே ரயிலின் வேறொரு பெட்டியில் ஏறி அடுத்த நிலையம் வரை போய்வந்தவர் அவர். அதை அவர் மனைவிதான் எல்லோரிடமும் சொல்வது. "ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்னு சொல்வாங்க. எங்க வீட்டுல தானாத்தான் வளர்ந்துச்சு. இவருக்குத்தான் அது தெரியல."

திங்கட்கிழமை காலை அம்மா சொன்ன சொல் தவறாமல் நிறுத்தம் வரை வந்தார். பொடிசு ஏறி, ஓட்டுநருக்குப் பின்னால் சன்னலோரம் உட்கார்ந்தாள். பிளான் மாமா அதற்கு முந்தைய நிறுத்தத்திலேயே ஏறி, கடைசி வரிசையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தலைக்கவசத்தைக் கழற்றாமல் ஒரு மனிதர். பேருந்துக்குள் தலைக்கவசம் எதற்கு என்று யோசித்தவருக்கு அந்த மனிதரின் தொண்டைச் செருமல் பழக்கமானதாகப் பட்டது.

"சார்?"

"நீங்களா!" என்றது தலைக்கவசம்.

"யாரும் வரக்கூடாதுன்னு பேசினோமே!"

"நீங்கதானே சார் பேசினீங்க!"

முன் இருக்கையில் முக்காடு போட்டுக் குனிந்திருந்த உருவம் சட்டென்று திரும்பியது. அம்மா. பொடிசு முன்வாசலில் ஏறியதும் அவர் பின்வாசலில் ஏறியிருந்தார். "இதான் உங்க லட்சணமா? என்கிட்ட இன்டர்வியூவுக்குப் போறேன்னு சொன்னீங்க! சார், நீங்களுமா? என்கிட்ட எழுதி வாங்கிட்டு நீங்க வந்து உட்கார்ந்திருக்கீங்க?"

"நான் உத்தியோகமா வந்தேன்மா."

"அப்ப நான் என்ன, உல்லாசமா வந்தேனா?"

அம்மாவுக்குப் பக்கத்தில் விரிந்திருந்த குடை மடங்கியது. அதற்குப் பின்னால் அத்தை. "சண்டை போடாதீங்க. அது பாவம், ஒத்தையா முன்னாடி உட்கார்ந்திருக்கு."

"அக்கா!" என்றது தலைக்கவசம்.

"அண்ணி!" என்றார் அம்மா.

"அத்தை, அந்த வார்த்தை!" என்றார் பிளான் மாமா ரகசியமாக. பேருந்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். யார் முதலில் வாக்குத் தவறியது, யார் யாரை நம்பாதது, ஞாயிற்றுக்கிழமை தேநீரில் சர்க்கரை குறைந்ததுவரை வழக்கு வளர்ந்தது. மணி அடித்தது, பேருந்து நின்றது, கிளம்பியது. அத்தைதான் முதலில் முன்பக்கம் பார்த்தார். சன்னலோர இருக்கையில் வெயில் மட்டும் இருந்தது.

அவள் தன் நிறுத்தத்தில் மணியை அழுத்தி இறங்கிப் போயிருந்தாள். இறங்காமல் போனவர்கள் இவர்கள் நால்வர்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. லாண்டரியின் கண்ணாடிச் சன்னலுக்குள் ஆவி மண்டியிருந்தது. அதற்குள் பொடிசு ஒரு விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மறுமுனையில் வேறொரு பெண். இருவரும் நெருங்கி, விலகி, மறுபடி நெருங்கி மடித்தார்கள். அம்மா மூச்சை விட்டார். அந்த நேரம் பார்த்து மேலாளர் கதவைத் திறந்தார்.

"போன வாரம் ஒரு ஆளு. இன்னிக்கு நாலா?"

பொடிசு விரிப்பை மடித்து அடுக்கி வைத்துவிட்டுத்தான் வந்தாள். நால்வரையும் வரிசையாகப் பார்த்தாள். "இறங்க மறந்துட்டீங்களா?"

அப்பா தலைக்கவசத்தைக் கழற்றினார்.

"அத்தை 'பாவம்'னு சொன்னது டிரைவர் வரைக்கும் கேட்டுச்சு. யாரு பாவம்னு என்னைக் கேட்டாரு. தெரியலன்னு சொல்லிட்டேன்."

"இவங்க யாரும்மா?" என்றார் மேலாளர், தெரிந்துகொண்டே.

"எங்க வீடு."

"இவரு?"

பொடிசு பிளான் மாமாவை அண்ணாந்து பார்த்தாள். அவர் கையில் செய்தித்தாள் இன்னும் விரிந்தே இருந்தது. "இவரும் வீடுதான்" என்றாள். "இவருக்கு இன்னும் எதுவும் எழுதல."

மேலாளர் சிரிக்கவில்லை. "பொண்ணு நேரத்துக்கு வந்துடுச்சு, அதனால இன்னிக்கு விடறேன். நாளைக்கு இந்தச் சன்னல்ல ஒரு தலை தெரிஞ்சாலும் இதுக்கு வேலை கிடையாது. நான் லாண்டரி நடத்தறேன், கல்யாண மண்டபம் இல்ல."

அன்று மாலை மையத்தில் அவரைக் கிண்டல் செய்ய எல்லோரும் காத்திருந்தார்கள். லாண்டரிக்கு எதிரே இருந்த டயர் கடையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்த பையன் அதற்குள் சொல்லிவிட்டிருந்தான். எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பவர், அன்று தேநீரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் நிறுத்தத்தில் அம்மா, அப்பா, அத்தை மூவரும் ஒருவர் கையை ஒருவர் பிடிக்காத குறையாக நின்றார்கள். காவல் நிற்பது பொடிசுக்கு அல்ல, தங்களில் ஒருவருக்கொருவர். பிளான் மாமா கடிகாரத்தோடு வந்திருந்தார். அதைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார். "சில்லறை இருக்கா? ஃபோன்ல சார்ஜ் இருக்கா?"

"இருக்கு மாமா. நேத்தும் இருந்துச்சு."

பேருந்து வந்தது. பொடிசு ஏறி அதே சன்னலோரத்தில் உட்கார்ந்தாள். கதவு மூடவில்லை, ஏனென்றால் பிளான் மாமாவின் வலது கால் படியில் இருந்தது. அது எப்போது ஏறியது என்று அவருக்கே தெரியாது. கை கம்பியைப் பிடித்திருந்தது. மூவரும் படியில் இருந்த அந்தக் காலைப் பார்த்தார்கள்.

"ஏறுறீங்களா சார், இல்லையா?" என்றார் ஓட்டுநர்.

பொடிசு சன்னலைத் திறந்து தலையை நீட்டினாள். பிள்ளைகள் பேசும்வரை அவர் காத்திருப்பதுபோல, அவருக்காகக் காத்திருந்தாள்.

அவர் காலை எடுத்துத் தரையில் வைத்தார். கம்பியிலிருந்து கையை விடுவித்தார். பிறகு அந்த அகன்ற உள்ளங்கையால் பேருந்தின் பக்கவாட்டுத் தகரத்தில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார், போகலாம் என்று.