எரித்தவர் தந்த பங்கு

நிறஞ்சலாவுக்குக் கோபமே வராது என்று தலைமன்னார்க் கரையில் சொல்வார்கள். சும்மா கதை. வரும்; வந்தால் யாருடனும் பேசாமல் கடற்கரையில் போய் நிற்பாள். காற்று சட்டையைப் பிடித்து இழுக்க, கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அந்தத் தூரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அங்கேதான் சுவிஸ் இருக்கிறது, மில்ரன் இருக்கிறான் என்று நினைப்பு. சுவிஸ் அந்தப் பக்கமா இல்லையா, யார் கண்டது? அவளுக்கு அது போதும்.

மில்ரன் அவள் புருஷன். மாதா கோயிலை விட்டு அல்லேலூயாச் சபைக்குப் போனவன். சுரூபத்தை வணங்கமாட்டேன், திருநாளுக்கு அதை வைத்துச் சுற்றும் கூட்டைத் தூக்கமாட்டேன் என்றான். அதோடு நின்றானா? வீட்டு வளவுக்குள்ளேயே கிடுகு ஓலையால் ஒரு செபக் கொட்டிலும் போட்டான். ஊர் பொறுக்குமா! ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொட்டில் எரிந்தது. மில்ரனின் மண்டை உடைந்தது. கடலில் இறங்கினால் உயிரோடு கரைக்கு வரமாட்டாய் என்றார்கள். அவன் எப்படியோ சுவிசுக்குப் போய், மதத்துக்காகத் துரத்தப்பட்டவன் என்று அடைக்கலம் கேட்டு அகதி முகாமில் காத்திருந்தான்.

"எரிஞ்ச இடத்தை வீடியோ எடுத்து அனுப்பு. லோயர் கேக்கிறார்," என்றான் ஒருநாள். உடனே எடுத்து அனுப்பினாள். கரிந்த கப்புக்கால்கள், கருகிய வேம்பு, எல்லாம் வீடியோவில் வடிவாக விழுந்திருந்தன. கூடவே படலை வாசலிலிருந்து ஒரு குரலும்: "பிள்ளை நிறஞ்சலா, இந்தா உங்கடை பங்கு." கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி சிங்கராசா, ஓலையில் கோத்த மீனோடு.

மில்ரனும் அவருடைய வலை இழுத்தவன்தான். கரைவலை இழுத்தவன் நோயில் கிடந்தாலும், ஊரிலேயே இல்லாவிட்டாலும், அவன் வீட்டுக்குப் பங்கு போகும். அந்தக் கரையின் வழக்கம் அது. குரலை அழிக்கவேண்டும் என்று நிறஞ்சலாவுக்குத் தோன்றவே இல்லை. தினமும் கேட்கிற குரல். அதில் என்ன இருக்கிறது?

"வீடு தேடி மீன் கொண்டுவந்து தருகிற ஊரா உங்களைத் துரத்தியது?" என்று கேட்டாராம் அங்கே விசாரித்த அதிகாரி. விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. இன்னும் ஒருமுறைதான் கேட்கலாம். அதுவும் போனால் மில்ரனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"பங்கு வேண்டாமெண்டு சம்மாட்டியிட்டைச் சொல்லு. சொல்லுறதை எடுத்து அனுப்பு," என்றான் மில்ரன்.

அவள் போனபோது வலை கரையேறிக்கொண்டிருந்தது. மெல்லிய பனிமூட்டத்துக்குள் மீன்கள் துள்ள, ஈரமணல் முழுக்க வெள்ளி வெளிச்சம் அலைந்தது. இழுப்பவர்களின் கால்கள் தரையில் படாதவை போலத் தெரிந்தன. நிறஞ்சலா ஃபோனில் வீடியோவை ஓடவிட்டு நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"சிங்கராசா அண்ணை, இனி எங்களுக்குப் பங்கு தராதேங்கோ."

"ஏன், என்ன குறை?"

"குறையோ? எங்கடை கொட்டிலுக்கு நெருப்பு வைச்ச கையாலை மீன் தாறியள். வெக்கமா இல்லையோ?"

சிங்கராசா மறுக்கவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. "வைச்சது நான்தான். அவன் திரும்பி வந்து கொட்டில் போட்டால் இன்னொருக்காலும் வைப்பன். அவனையும் உயிரோடை விடமாட்டன். அது வேறை, பிள்ளை. பங்கு வேறை. அதை மறிக்க நான் ஆர்?"

பெரிய விளைமீன் ஒன்றை அவள் கையில் திணித்துவிட்டு வலைக்குத் திரும்பினார்.

அவள் வீடியோவை நிறுத்தினாள். லோயருக்கு வேண்டிய சாட்சி தானாகவே கைக்கு வந்துவிட்டது. இது மில்ரனைக் காப்பாற்றும். இனி அவன் இந்தக் கரைக்கு வரவேமுடியாது என்பதும் இதோடு முடிவாகிவிடும். பாழ்படுவான், நல்லவனா கெட்டவனா இந்தச் சம்மாட்டி? நின்றபடியே அனுப்பினாள்.

கொஞ்ச நேரத்தில் மில்ரன் முகம் ஃபோனில் தெரிந்தது.

"கேட்டனான். லோயருக்கு இது காணும், வேறையொண்டும் தேவையில்லை," என்றான். குரலில் சந்தோசம் இல்லை. பிறகு கேட்டான்: "என்ன மீன் தந்தவர்?"

"விளை."

"காட்டு."

தூக்கிக் காட்டினாள்.

"பொரிக்காதை. புளி விட்டுக் குழம்பு வை. ஃபோனை அடுப்படியிலை நிமித்தி வை, நான் பாக்கோணும்."

வைத்தாள். குழம்பு கொதித்து இறக்கும்வரை மில்ரன் பார்த்துக்கொண்டே இருந்தான்.