காணாமல்போனவரின் வீடு

எங்கள் பாகப்பிரிவினை வழக்குக்காகக் காஞ்சிபுரம் கோர்ட்டுக்கு நடந்த நாட்களில் அந்த அம்மாளைச் சந்தித்தேன். பட்டுக்குச் சாயம் போடுகிறவர், விரலெல்லாம் நீலம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே நிமிர்ந்து பார்ப்பார். பல வருடங்களாகக் காணாத கணவர் இறந்துவிட்டதாகக் கோர்ட் அறிவித்தால்தான் வீடு இவருக்கு வரும்.

"அவரு செத்துட்டாருன்னு என் வாயால சொல்லச் சொல்றாங்கமா," என்றார். கூண்டில் ஏறிச் சொன்னார்.

வீட்டுக்கு ஆசைப்பட்ட கொழுந்தன், "அண்ணன் போன மாசம் போன்ல பேசினாருங்க," என்று சாட்சி சொன்னான்.

அந்த அம்மாள் சட்டென்று எழுந்து, "நல்லா இருக்காராப்பா?" என்று கேட்டார்.

வழக்கு தள்ளுபடியானது. வெளியே என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைப் பத்தி விசாரிச்சாரான்னு கேக்காம வந்துட்டேனேமா," என்றார்.

அவன் புளுகுகிறான் என்று எங்கள் வக்கீல் அடித்துச் சொன்னதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.