சுவீடன் ஆளுநரும் என் மகளின் விடைத்தாளும்

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்ணுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கிளேட்டனில் வாடகைக்கு இருந்தோம். பதின்மூன்று வயது மகளின் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. சரித்திரப் பரீட்சையில் புத்தகத்தை ஒளித்துவைத்துப் பார்த்து எழுதிவிட்டாளாம். அது பதிவானால் அந்தப் பாடத்தில் வருடம் முழுவதும் தோல்விதான்.

கேள்வி, அமெரிக்காவில் சுவீடன்காரர் அமைத்த குடியேற்றத்தைத் தொடக்கத்தில் ஆண்ட கடற்படை அதிகாரி ஒருவரைப் பற்றியது. நூலகப் புத்தகத்தின் இரண்டு பக்கங்கள், ஒரு காற்புள்ளிகூடப் பிசகாமல் அவளுடைய விடைத்தாளில் இருந்தன.

அவள் பார்த்து எழுதவில்லை. பாடமாக்க வைத்தது அம்மாவான நான். யாழ்ப்பாணத்தில் நான் அப்படிப் படித்துத்தான் வகுப்பில் முதலாவதாக வந்தேன். ஒரு கிழமையாகப் பின்னேரங்களில் நான் சமைக்கும்போது அவளைக் குசினியில் நிறுத்தி ஒப்புவிக்கச் செய்தேன். ஒரு சொல் தவறினாலும் முதலில் இருந்து.

பள்ளிக்கூடத்தில் நான் இதைச் சொன்னபோது சரித்திர ஆசிரியை நம்பவில்லை. புத்தகத்தைத் திறந்து ஒரு வரியில் பாதியை வாசித்தார். மகள் மீதியைச் சொன்னாள். பக்கம் முடியும்வரை நிறுத்தவேயில்லை. ஆசிரியை போதும் என்று கையை உயர்த்தினார்.

அப்பாடா என்று நிமிர்ந்தேன். அவரோ புத்தகத்தை மூடிவிட்டு, அந்த மனிதரைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று அவளிடம் கேட்டார்.

மகள் என்னைப் பார்த்தாள். அதற்கு நான் பதில் எதுவும் பாடமாக்கக் கொடுத்திருக்கவில்லை. வாயைத் திறக்கப் போனேன். ஆசிரியை பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

கடைசியில் மகள் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். அவர் பாவம், அவரிடம் இருந்த ஆட்களுக்கு ஒழுங்காக வீடு கட்டவோ பலகை அரியவோ தெரியாது, அதனால் பயந்துபோய் ஊருக்குக் குறை எழுதிக்கொண்டே இருந்திருப்பார் என்றாள். பிறகு, "அவருக்கு நிலம் கொடுத்த பழங்குடி ஆட்களுக்கு அவரைப் பார்த்துப் பயம் இருந்ததா என்று புத்தகத்தில் இல்லை" என்றாள்.

ஆசிரியை முதல் தடவையாகச் சிரித்தார். எதையும் பதியப்போவதில்லை, இப்போது சொன்னதையே வீட்டில் எழுதிக்கொண்டு வரட்டும் என்றார்.

வெளியே வந்ததும் பஸ் தரிப்பிட வாங்கில் உட்கார்ந்துவிட்டேன்.

"அம்மா, இனி ஒண்டும் பாடமாக்கச் சொல்லக் கூடாது."

"ஓம்."

"ப்ராமிஸ்?"

"ஓம் எண்டுறன் எல்லே! வாய்க்காரி."

அன்று பின்னேரம் அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினாள். நான் இரண்டு தரம் கதவடிவரை போனேன். தட்டாமல் திரும்பி வந்தேன்.